ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லையா? பாகங்களை மாற்றும் முன் செய்ய வேண்டியவை

சமதரையில் ஒரு குறையும் சொல்ல முடியாத என் பெட்ரோல் கார், மேடு வந்தால் மட்டும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வழக்கமாக நான்காவது கியரில் ஏறுகிற இடத்தில் மூன்றாவது, அப்புறம் இரண்டாவது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது) முள் 3,500-ஐத் தாண்டாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்க, நான் ஓரம் கட்டி வழிவிடுவேன்.

இதைச் சரிசெய்ய நான்கு மாதமும் மூன்று ஒர்க்ஷாப்பும் ஆயின. முதல் இடத்தில் ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் ஃபியூயல் பம்ப்பையே மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் இருபது நிமிடம் அளந்து பார்த்துவிட்டு, மாற்றிய எதிலும் பழுது இருந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். உண்மையான கோளாறு எங்கே இருந்தது என்று ஏழாவது படியில் சொல்கிறேன். நேராக அங்கே தாவிவிடாதீர்கள். உங்கள் வண்டியிலும் அதுவேதான் இருக்கும் என்று இல்லை. காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு கூடக் கூட மேலே போகும்படி படிகளை அடுக்கியிருக்கிறேன். இந்த வரிசை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு பம்ப்பின் விலை மிச்சமாகியிருக்கும்.

1. இது கோளாறுதானா?

ஏற்றம் எஞ்சினிடம் எவ்வளவு கேட்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. 1,200 கிலோ எடையுள்ள கார் சமதரையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, சக்கரத்தில் ஏறக்குறைய 5 குதிரைத்திறன் இருந்தால் போதும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலையில் அதே வேகத்தில் ஏற, அதற்கு மேல் இன்னும் 22 குதிரைத்திறன் வேண்டும். நான்கு பேரும் பெட்டிகளுமாக 350 கிலோ கூடினால் அந்த 22, 28 ஆகிவிடும். அதனால்தான் பாதி பலத்தை இழந்த எஞ்சின்கூடச் சமதரையில் ஒன்றும் தெரியாத மாதிரி ஓடும், மேட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

உயரமும் ஒரு காரணம். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத எஞ்சின், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் தன் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். அங்கே காற்று அடர்த்தி குறைவு, அவ்வளவுதான். இதற்காக ஒர்க்ஷாப் போகத் தேவையில்லை.

அடுத்தது கியர். புதிதாக ஓட்டுபவர்கள் சொல்லும் "ஏறவில்லை"யில் பெரும்பாலானவை இதுதான் என்பது என் கணிப்பு. எஞ்சின் 1,500 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் பலம் வராது. ஒரு கியர் குறைத்து 3,000-ஐ ஒட்டிக் கொண்டுவாருங்கள். ஏசியை அணையுங்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள் (சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்). இதற்குப் பிறகு ஒழுங்காக ஏறினால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது. அதே மேடு, அதே சுமை, அதே கியர், ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பு ஏறிய மாதிரி இப்போது ஏறவில்லை என்றால் மேலே படியுங்கள்.

2. எப்படித் திணறுகிறது என்று எழுதி வையுங்கள்

நான் செய்யத் தவறியது இதைத்தான். "வண்டி இழுக்கலை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் தனக்கு முதலில் தோன்றுவதை மாற்றுவார். ஒரே மேட்டைத் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று நாள் ஏறிப் பாருங்கள். எந்தக் கியர், என்ன வேகம், ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடா குளிரா, டேங்கில் எவ்வளவு எரிபொருள், விளக்கு எதுவும் எரிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரை எழுதச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே எழுத வேண்டாம்.

இந்தக் குறிப்பிலேயே பாதி விடை இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, ஆர்பிஎம் ஏறுகிறதா என்பதை. எஞ்சின் சத்தமும் முள்ளும் ஏறிக்கொண்டே போக, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். அதன் பலம் சக்கரத்துக்குப் போகும் வழியில் நழுவுகிறது. மேனுவல் வண்டியில் அது கிளட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸ்.

ஆர்பிஎம்மே ஏறாமல், குலுக்கல் எதுவும் இல்லாமல், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தால் மூன்று சந்தேகம்: காற்று உள்ளே வரவில்லை, புகை வெளியே போகவில்லை, எரிபொருள் போதவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் தோன்றும்.

விட்டுவிட்டு வெட்டினால், உதறினால், அது பெரும்பாலும் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் தீப்பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பலம் குறைந்த காயிலும் (அந்த வோல்டேஜைப் பிளக்குக்குத் தருவது) தேய்ந்த பிளக்கும் சமதரையில் சமாளித்துவிட்டு மேட்டில் கைவிடும்.

கிளம்பும்போது நன்றாக இருந்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சூடானதும் பலம் குறைந்தால் ஃபியூயல் பம்ப், காயில், பிரேக் மூன்றையும் சந்தேகப்படலாம். டேங்கில் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் திணறினால், சரிவில் எரிபொருள் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். டேங்க்கை நிரப்பிக்கொண்டு அதே மேட்டில் ஏறினால் தெரிந்துவிடும்.

சட்டெனப் பலம் போய், எவ்வளவு அழுத்தினாலும் ஒரு எல்லைக்கு மேல் போகாமல், வண்டியை அணைத்து மறுபடி கிளப்பியதும் சரியாகிவிட்டால், அது எஞ்சினின் கணினி தற்காப்புக்காகப் பலத்தைக் குறைக்கும் நிலை. மெக்கானிக்குகள் லிம்ப் மோட் என்பார்கள். இதை நீங்கள் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. நேராக ஐந்தாம் படிக்குப் போகலாம்.

உடனே நிறுத்த வேண்டிய நேரங்களும் உண்டு. வெப்பமானி சிவப்பை நெருங்கினால், ஆயில் விளக்கு எரிந்தால், செக் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டினால் மேலே ஏறாதீர்கள். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். நான் அந்தச் சிமிட்டலை மூன்று வாரம் கண்டுகொள்ளாமல் ஓட்டினேன். அதன் பலனும் ஏழாவது படியில் வருகிறது.

3. காகிதங்களைத் திரட்டுங்கள்

சர்வீஸ் புத்தகம், கடந்த இரண்டு மூன்று வருடத்து பில்கள், வாரண்டி அட்டை, வண்டியோடு வந்த கையேடு ஆகியவற்றை ஒரு உறையில் போடுங்கள். சும்மா ஒழுங்குக்காகச் சொல்லவில்லை. என் வண்டியில் விடை கிடைத்தது ஒரு பழைய பில்லிலிருந்துதான்: முந்தைய வருடம் ஒரு இக்னிஷன் காயில் மாற்றியிருந்தேன், எனக்கே மறந்துபோயிருந்தது. அந்த வரியைப் பார்த்ததும்தான் மூன்றாவது மெக்கானிக் புகைக்குழாயைச் சோதிக்கலாம் என்றார்.

பில்லில் பார்க்க வேண்டியவை: பிளக், ஏர் ஃபில்டர், ஃபியூயல் ஃபில்டர் ஆகியவற்றைக் கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் மாற்றினீர்கள், டைமிங் பெல்ட்டோ செயினோ கழற்றப்பட்டதா, கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன் என்ன வேலை நடந்தது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். சர்வீஸுக்குப் பிறகு வந்த கோளாறு பல சமயம் சரியாக மாட்டப்படாத ஒரு குழாய், உட்காராத ஃபில்டர் மூடி, செருக மறந்த ஒரு ஒயர்.

வாரண்டி முடிந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்குச் சில நாடுகளில் தனியாக நீண்ட வாரண்டி உண்டு, புத்தகத்தில் பாருங்கள். வண்டியின் 17 எழுத்துச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் திரும்ப அழைப்பு எதுவும் அறிவித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இதற்குச் செலவு இல்லை, பத்து நிமிடம் போதும்.

4. செலவில்லாத சோதனைகள்

ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூசி அடைத்திருக்கலாம், எலி கூடு கட்டியிருக்கலாம், மழைநீரில் ஊறியிருக்கலாம். பெட்டிக்குக் காற்று வரும் குழாயின் வாயையும் பாருங்கள். இலையும் பாலித்தீன் பையும் சிக்கியிருக்கும். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தால் மடிப்புகளுக்குள் இருக்கும் விரிசல் தெரியும்.

ஆக்ஸிலரேட்டர் முழுதாக அழுந்துகிறதா? மிதியடி மடிந்து பெடலுக்கு அடியில் நின்றிருந்தால் நீங்கள் தரையோடு அழுத்துவதாக நினைப்பது முக்கால்வாசிதான். கேபிள் உள்ள பழைய வண்டி என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை அழுத்த, இன்னொருவர் த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடும் கதவு) முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரேக்கைச் சோதிக்க, பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடுபடவில்லை. மறுபடி உறுதி செய்ய, சமதரையில் மற்றச் சக்கரங்களுக்கு அடை வைத்து, ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். டயர்களில் காற்று எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள்.

கிளட்ச்சுக்கு: காலியான சமதரையில், நான்காவது கியரில், 40-50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் மெல்லக் கூட, ஆர்பிஎம்மும் அதோடு சேர்ந்து மெல்ல ஏற வேண்டும். முள் மட்டும் தாவிக் குதித்தால் கிளட்ச் நழுவுகிறது. கருகிய வாடையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டுச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. அது மிச்சமிருக்கும் கிளட்ச்சையும் எரித்துவிடும் என்பதால் நான் செய்வதில்லை.

கடைசியாக எரிபொருள் மூடி. திணறும்போது ஓரமாக நிறுத்தி மூடியைத் திறங்கள். பலமாகக் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வந்து, அதன்பின் வண்டி நன்றாக ஏறினால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. லேசான சத்தம் இயல்பானது. அதைக் கேட்டுப் பயந்து மூடியை மாற்ற வேண்டாம்.

5. ஸ்கேனர் மாட்டிப் படியுங்கள்

பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே எஞ்சின் கணினியைப் படிப்பதற்கான 16 துளை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் சின்ன ப்ளூடூத் கருவியும் கைப்பேசியில் ஒரு செயலியும் போதும். அந்தக் கருவியின் விலை ஒர்க்ஷாப்பில் ஓரிரு முறை ஸ்கேன் செய்யக் கேட்கும் கட்டணத்தை ஒட்டியே இருக்கும். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன்.

விளக்கு எரியாவிட்டாலும் படியுங்கள். கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீடுகளைக் கோட் என்பார்கள். இன்னும் உறுதியாகாமல் காத்திருப்பில் இருக்கும் கோட்கள் விளக்கை எரிக்காது. கோட்டைப் பார்த்ததும் அழிக்கக் கூடாது. பெரும்பாலும் கோட்டோடு அது பதிவான நொடியின் வேகம், ஆர்பிஎம், வெப்பம், சுமை எல்லாம் உறைந்த படமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வருபவை இவை. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0171 என்றால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. பி0101 காற்றை அளக்கும் மாஃப் சென்சார். பி0087 எரிபொருள் அழுத்தம் குறைவு. பி0299 டர்போ போதிய அழுத்தம் தரவில்லை. பி0420 புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது.

இங்கேதான் பெரும்பாலானோர் விழும் குழி இருக்கிறது. கோட் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எந்த அளவு தப்பாக இருக்கிறது என்றுதான் சொல்கிறது. பி0171 வந்தவுடன், புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளந்து அதைச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. அந்த சென்சார் உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்படுகிறது, வேறென்ன. அடைத்துப்போன கன்வெர்ட்டர் பல சமயம் கோட் எதையும் எழுப்பாது. என் வண்டியில் அப்படித்தான். கோட் இல்லை என்பதையே காரணம் காட்டி முதல் இரண்டு இடத்திலும் புகைக்குழாய்ப் பக்கமே போகவில்லை.

கோட்டைவிட நேரலை அளவுகள் அதிகம் பேசும். செயலியில் நான்கை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள்: ஆர்பிஎம், மாஃப், நீண்டகால ஃபியூயல் ட்ரிம், த்ராட்டில். இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் உங்கள் மேட்டில் ஏறுங்கள். திரையைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை.

ஃபியூயல் ட்ரிம் என்பது கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிறது என்ற அளவு. அது கூட்டல் 10, கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவாகச் சரி. சும்மா நிற்கும்போது கூட்டலில் அதிகமாக இருந்து, ரேஸ் கொடுத்தால் குறைந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே வருகிறது. சும்மா நிற்கும்போது சரியாக இருந்து, சுமை ஏற ஏறக் கூட்டலில் போனால் எரிபொருள் போதவில்லை, அல்லது மாஃப் சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்கிறது.

மாஃப் அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. பெட்ரோல் எஞ்சின் முழு பலத்தில், உச்ச ஆர்பிஎம்மை நெருங்கும்போது, நொடிக்கு எத்தனை கிராம் காற்று இழுக்கிறதோ அதை 1.25-ஆல் பெருக்கினால் குதிரைத்திறன் கிட்டத்தட்ட வந்துவிடும். 80 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் 60-65 கிராம் காட்ட வேண்டும். 35 கிராமைத் தாண்டவில்லை, ஆனால் ட்ரிம் சரியாக இருக்கிறது என்றால் எஞ்சினால் மூச்சே விட முடியவில்லை. அடைப்பு எங்கே என்று தேடுங்கள். த்ராட்டில் அளவு முழு அழுத்தத்தில் 100 காட்டாமல் 80-ஐ ஒட்டி நின்றால் பதற வேண்டாம். பல கார்களில் முழுத் திறப்பே அவ்வளவுதான்.

6. காற்று, எரிபொருள், தீப்பொறி

மாஃப் சென்சார் அழுக்கு என்று சந்தேகம் வந்தால் புதிது வாங்கும் முன் கழுவிப் பாருங்கள். அதற்கென்றே விற்கும் மாஃப் க்ளீனர் ஸ்பிரே மட்டும். பிரேக் க்ளீனரோ கார்புரேட்டர் க்ளீனரோ அடித்தால் சென்சார் கெட்டுப்போகலாம். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை விரலாலும் துணியாலும் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மொத்தம் அரை மணி நேர வேலை.

தீப்பொறிக்கு: சாதாரண நிக்கல் முனை பிளக் என்றால் 30,000 முதல் 50,000 கிலோமீட்டர், இரிடியம் என்றால் ஒரு லட்சத்தை ஒட்டி. கையேட்டில் உங்கள் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. எஞ்சின் குளிர்ந்தபின் கழற்றுங்கள். எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து வரிசையாக வையுங்கள். நான்கில் ஒன்று மட்டும் கறுத்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ அந்தச் சிலிண்டரில்தான் விஷயம். காயில் சோதனை இன்னும் சுலபம்: பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதோடு மாற்றி மாட்டி ஓட்டுங்கள். கோட் பி0303 ஆக நகர்ந்தால் காயில் கெட்டது. நகரவில்லை என்றால் பிளக், இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிப்பது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா) என்று தேடல் தொடரும். இதற்கு ஒரு காசும் செலவில்லை, ஒரு புதுக் காயிலின் விலை மிச்சம்.

எரிபொருளுக்கு: இன்ஜெக்டர் இன்டேக்கில் (எஞ்சினுக்குக் காற்று போகும் பாதை) உள்ள சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் அழுத்தம் பொதுவாக 3 முதல் 4 பார். இதை நின்ற இடத்தில் அளந்து "சரியாக இருக்கிறது" என்று சொல்வது அரைகுறைச் சோதனை. பம்ப் சோர்வதே முழுச் சுமையில்தான். மானியை மாட்டிக்கொண்டு சுமையில் அளக்கச் சொல்லுங்கள், அல்லது குறிப்பிட்ட நேரத்தில் பம்ப் எவ்வளவு எரிபொருள் தருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை வீட்டில் செய்யாதீர்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெறித்தால் கதை முடிந்துவிடும். என் இரண்டாவது ஒர்க்ஷாப்பில் அளக்காமலே பம்ப்பை மாற்றினார்கள். அளந்து பார்த்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

ஃபியூயல் ஃபில்டர் தனியாக வெளியே இருக்கும் வண்டி என்றால், பம்ப்பைப் பற்றி யோசிக்கும் முன் அதை மாற்றிவிடுங்கள். விலை குறைவு, எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

7. புகைக்குழாய் அடைப்பு

என் வண்டியின் நோய் இதுதான். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி நுண்துளைகள் இருக்கும். எஞ்சின் மிஸ்ஸிங்கில் ஓடும்போது எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து, கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி, அந்தத் தேன்கூடு உருகும் அல்லது உடைந்து வழியை அடைக்கும். நான் காயிலை மாற்றியபோது மிஸ்ஸிங் நின்றது. ஆனால் அதற்கு முன் மூன்று வாரம் விளக்கு சிமிட்டச் சிமிட்ட ஓட்டியதில் தேன்கூடு பாதி போயிருந்தது. மீதி மெல்ல மெல்ல அடைத்தது. புகை வெளியேற முடியாவிட்டால் புதிய காற்று உள்ளே வர இடம் ஏது?

சோதிக்க மூன்று வழி. எளியது, எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் மானி: இன்டேக்கில் மாட்டினால் சும்மா ஓடும்போது கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். 2,500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்தால் முள் சற்றுத் தாழ்ந்து பழைய இடத்துக்கோ அதற்கு மேலோ வந்து நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு. இரண்டாவது, நம்பகமானது: கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி. 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. என் வண்டியில் 8 காட்டியது. மூன்றாவது, ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை, குளிர்ந்த பின், லேசாகத் தட்டுவது. உள்ளே கலகலத்தால் தேன்கூடு உடைந்திருக்கிறது. சத்தம் வராவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. உருகி அடைத்தது கலகலக்காது.

கன்வெர்ட்டர் விலை இந்தப் பட்டியலிலேயே பெரிய செலவுகளில் ஒன்று. அதனால் மூன்று எச்சரிக்கை. ஒன்று, அடைக்கக் காரணமான மிஸ்ஸிங்கையோ ஆயில் எரிவதையோ முதலில் சரிசெய்யாமல் புதிதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். இரண்டு, "உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிடலாம், காலி டப்பாவாக மாட்டலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பல நாடுகளில் சட்டவிரோதம், புகைச் சோதனையிலும் தேறாது. மூன்று, பழைய கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. கழற்றியதற்குக் கழிவு விலை உண்டு. அது யாருக்குச் சேரும் என்று வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். நான் வேலை முடிந்தபின் கேட்டேன், அதற்குள் அது கிளம்பிப் போயிருந்தது.

8. டர்போவும் டீசலும்

டர்போ வண்டியில் பலம் போனால் டர்போவையே குறை சொல்வது வழக்கம். அதற்கு முன் குழாய்களைப் பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள் அழுத்தத்தில் மட்டும் பிளந்து திறக்கும். நின்ற இடத்தில் பார்த்தால் பழுதே இல்லாதது போலத் தெரியும். அழுத்தும்போது உஸ்ஸென்று காற்று சீறும் சத்தம், குழாய் இணைப்பில் ஆயில் பிசுக்கு இரண்டும் அடையாளம். புகை விட்டுச் சோதிக்கும் கருவி இருந்தால் பதினைந்து நிமிடத்தில் கசிவு தெரியும். டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்குவம் குழாய்களும் விரிசல் விடும். அவற்றின் விலை டர்போ விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

டீசலில் ஃபியூயல் ஃபில்டரும் அதில் சேரும் தண்ணீரும் முதல் சந்தேகம். இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது) கரி பிடித்துத் திறந்தபடி நின்றால் கரும்புகையும் பலக்குறைவும் சேர்ந்து வரும். கரி வடிகட்டி உள்ள வண்டியைத் தினமும் ஐந்து நிமிடப் பயணத்துக்கு மட்டும் எடுத்தால் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைக்காது. அதன் விளக்கு வந்த தொடக்கத்திலேயே, கையேடு சொல்லும் முறைப்படி நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் இருபது நிமிடம் போல ஓட்டினால் பல சமயம் சரியாகிவிடும். விளக்கைத் தள்ளிப்போட்டால் ஒர்க்ஷாப்பில் கழற்ற வேண்டிய நிலைக்கு வரும்.

9. ஒர்க்ஷாப்பில் பேசும் விதம்

கண்டுபிடிப்பதற்கான கட்டணத்தைத் தனியாகக் கொடுக்கத் தயாராகப் போங்கள். "பார்த்துச் சொல்வது இலவசம்" என்றால் அந்தக் காசு நீங்கள் வாங்கும் பாகத்தின் விலையில் ஒளிந்திருக்கும். மாற்றும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எதை அளந்தீர்கள், அளவு என்ன, எவ்வளவு இருக்க வேண்டும்? எண் சொல்லத் தெரியாதவர் ஊகிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பாகம் தனி, கூலி தனி. அதைத் தாண்டினால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் அறிக்கையின் நகல், பில், புதுப் பாகத்தின் வாரண்டி மூன்றும் கையில் வராமல் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை உங்களோடு அந்த மேட்டுக்கே ஒருமுறை அழைத்துப் போங்கள். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

நேரக் கணக்கு தோராயமாக: பிளக் ஒரு மணி நேரம், எரிபொருள் அழுத்தச் சோதனையும் புகைக்குழாய் அழுத்தச் சோதனையும் ஒவ்வொன்றும் அரை மணி, பிரேக் வேலை அரை நாள், கன்வெர்ட்டர் துருப்பிடித்த போல்ட்டைப் பொறுத்து இரண்டு மணி முதல் அரை நாள், கிளட்ச் ஒரு முழு நாள். பாகம் வர ஆகும் நாட்கள் இதில் சேராது. அது கையில் வந்தபின் வண்டியை விடுவதாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் கார் அங்கே வாரக்கணக்கில் வெயில் காயும்.

எல்லாம் சரியாக இருந்தும் பலம் வரவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனையும் டைமிங் சோதனையும் (வால்வுகள் சரியான நேரத்தில் திறக்கின்றனவா) மிச்சம். சிலிண்டர்களுக்குள் வேறுபாடு 15 சதவீதத்துக்கு மேல் போனால் எஞ்சினின் உள்ளே பழுது. அப்போது வேலை தொடங்கும் முன் இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

10. சரிசெய்த பின்

இரண்டாம் படியில் எழுதிய குறிப்பை எடுத்துக்கொண்டு அதே மேட்டுக்குப் போங்கள். அதே கியர், அதே சுமை. ஒர்க்ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்த அன்றே போங்கள், பில்லில் மை காயும் முன். மாஃப் அளவை மறுபடி பதிவு செய்து பழையதோடு ஒப்பிடுங்கள். என் வண்டியில் 34 கிராம் 61 ஆகியிருந்தது. கோட்கள் அழிக்கப்பட்டிருந்தால், கணினி தன் உள்சோதனைகளை முடிக்கச் சில நாள் ஓட்டம் தேவைப்படும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். புகைச் சோதனைக்குப் போக வேண்டியிருந்தால் அதற்கு முன் போகாதீர்கள்.

பழைய கோட் திரும்ப வந்தால் அன்றைக்கே ஒர்க்ஷாப்பில் தெரிவித்து, தேதியும் கிலோமீட்டரும் பில்லின் பின்பக்கம் எழுதி வையுங்கள். கூலிக்கான வாரண்டி பாகத்தின் வாரண்டியைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.